மடியில் அடுத்தவர் கனம்

'மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்?' என்று நீங்கள் கேட்கலாம். பத்திரிகைக்காரன் மடியில் இருப்பது பெரும்பாலும் அடுத்தவர் கனம், ஐயா!

அண்ணா பல்கலைக்கழக வழக்கின் எஃப்.ஐ.ஆர். கசிந்தது எப்படி என்ற விசாரணையில், சென்னைப் பத்திரிகையாளர்கள் சிலரின் செல்போன்களைப் போலீஸ் வாங்கி வைத்துக்கொண்டது. 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. போன் திரும்பிவிடும், சரி. அதற்குள் இருந்த பெயர்கள்?

சில வருஷங்களுக்கு முன் ஐந்தருவியில் ஒருவர் என் கையில் ஒரு கட்டு ஜெராக்ஸைத் திணித்தார். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவருக்குக்கூட எதுவும் கேட்காது. "அண்ணாச்சி, எம் பேரு மட்டும் வெளிய வந்துரக் கூடாது, பாத்துக்கிடுங்க" என்றார். யார், என்ன உத்தியோகம் என்று நீங்களும் கேட்கக் கூடாது.

இப்படிப்பட்ட சமாசாரங்களுக்காகவே 'டெயில்ஸ்' என்றொரு லினக்ஸ் இருக்கிறது. இலவசம். 2013-ல் எட்வர்ட் ஸ்னோடன் விவகாரத்தை எழுதிய நிருபர்கள் பயன்படுத்தியது இதைத்தான். 8 ஜி.பி. பென் டிரைவ் போதும். கம்ப்யூட்டரை அதிலிருந்தே கிளப்பினால், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் 'ராம்' நினைவகத்திலேயே ஓடும். அணைத்தால் சகலமும் மறந்துபோகும்.

மறதி நல்லதுதான். ஆனால், ஸ்கேன் செய்த ஜெராக்ஸை எங்கே வைப்பது? அதற்குத்தான் 'பெர்சிஸ்டென்ட் ஸ்டோரேஜ்'. மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்து, ரகசிய வாசகம் ஒன்றைக் கொடுத்தால், பென் டிரைவின் மிச்ச இடம் பூட்டிய பெட்டகமாகிவிடும். அடுத்த முறை ஆரம்பத் திரையிலேயே வாசகத்தைக் கேட்கும்.

வாசகத்துக்கு மனைவி பெயர், சினிமாப் பாட்டு வரி எல்லாம் வேண்டாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து முதல் ஏழு சொற்கள். 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து பகடை உருட்டி ஐந்து எடுத்தால், திருடன் முயல வேண்டிய சேர்க்கைகள் ஏறக்குறைய 28-க்குப் பின்னால் 18 பூஜ்யம். உருட்டட்டும்!

மூன்று எச்சரிக்கைகள். வாசகம் மறந்தால் திறந்து தர உலகத்தில் ஆளில்லை. பென் டிரைவ் தொலைந்தால் உள்ளே இருப்பதும் போச்சு. ஆகவே, இன்னொன்றில் நகல் வையுங்கள். மூன்றாவதுதான் முக்கியம்: உள்ளே என்ன என்பதைத்தான் பூட்டு மறைக்கும், பூட்டு இருப்பதை மறைக்காது. ஒருவர் எதிரே உட்கார்ந்து "திற" என்று அதட்டினால் என்ன சொல்வது என்பதற்கு எந்த சாஃப்ட்வேரிலும் பதில் கிடையாது. அதை மட்டும், ஜெராக்ஸை வாங்குவதற்கு முன்பே நீங்கள் யோசித்து வைத்திருக்க வேண்டும்.