ஒரே ரோடு, ரெண்டு நம்பர் பிளேட்

ஓசூர் பக்கம் இருந்து வர்றவங்களுக்கு ஜூஜூவாடி தெரியாம இருக்காது. ஒரே தேசிய நெடுஞ்சாலை 44. கொஞ்ச தூரத்துல தமிழ்நாடு முடிஞ்சு கர்நாடகாவின் அத்திப்பள்ளி வந்துடும். நடுவுல சுவர் கிடையாது. ஆனா எந்த வண்டி டிஎன் 70, எது கேஏ 51-ன்னு பிளேட்டைப் பார்த்தாலே தெரியும். வாடகை வண்டின்னா பர்மிட் வேணும்.

விலான் வேலை செய்யறதும் இப்படித்தான். ஒரே கேபிள், ஒரே சுவிட்ச். ஒவ்வொரு டேட்டா ஃபிரேமுக்கும் 1-ல இருந்து 4094 வரைக்கும் ஒரு நம்பர் பிளேட் மாட்டலாம். வேற நம்பர் இருக்கற பக்கம் போகணும்னா ஃபயர்வால்ல பர்மிட் இருக்கணும். இதை நான் செமஸ்டர்ல 13 மார்க்குக்கு இங்கிலீஷ்ல எழுதியிருக்கேன். தமிழ்ல விளக்க வேண்டி வந்தது இன்டர்ன்ஷிப்ல, ஓசூர் சிப்காட்டில் ஒரு சின்ன சிஎன்சி யூனிட்டுக்குப் புது சர்வர் போட்டப்போதான்.

"தம்பி, என் மெஷின் கம்ப்யூட்டருக்கு நெட்டை ஏன் கட் பண்றீங்க? நல்லாத்தானே ஓடுது?" ஆபரேட்டர் அண்ணா கேட்டது நியாயமான கேள்வி. அந்தக் கம்ப்யூட்டர்ல விண்டோஸ் எக்ஸ்பி. 2014 ஏப்ரல் 8-ஓட மைக்ரோசாஃப்ட் அதுக்கான சப்போர்ட்டை நிறுத்திட்டாங்க. மெஷினுக்கு ப்ரோக்ராம் அனுப்பற மென்பொருள் அதுல மட்டும்தான் ஓடும். மாத்தறதுன்னா லட்சக்கணக்குல செலவு. அதனால அதைச் சரி பண்ண முடியாது, பிரிச்சு மட்டும்தான் வைக்க முடியும்.

இதுக்கு நம்ம ஊர் உதாரணமே இருக்கு. 2019-ல கூடங்குளம் அணுமின் நிலையத்துல மால்வேர்னு செய்தி வந்துச்சு. அக்டோபர் 29 அன்னைக்கு நிலையம் மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் அதை உறுதி செஞ்சது. செப்டம்பர் 4-லயே சர்ட்-இன் அமைப்பு கண்டுபிடிச்சு சொல்லியிருக்கு. மாட்டினது நிர்வாக வேலைக்கான, இன்டர்நெட் இருக்கற நெட்வொர்க்குல இருந்த ஒரு கம்ப்யூட்டர். முக்கியமான உள் நெட்வொர்க் தனியா பிரிஞ்சிருந்ததால நிலையத்தோட சிஸ்டம்கள் பாதிக்கலைன்னு கழகம் சொன்னது. ஆபீஸ் கம்ப்யூட்டர் என்னைக்காவது மாட்டும். அது மாட்டற அன்னைக்கு மெஷின் ஓடணும், அதுக்குத்தான் பிரிக்கிறோம்.

நாங்க மூணாப் பிரிச்சோம்: ஆபீஸ் 10, மெஷின்கள் 20, சிசிடிவியும் விருந்தாளி வைஃபையும் 30. 20-ல இருந்து சர்வர்ல ஒரே ஒரு ஃபோல்டருக்கு மட்டும் வழி. அதுவும் படிக்க மட்டும், எழுத முடியாது.

இந்த வழியை விட்டதுக்குக் காரணம் அந்த அண்ணாதான். "எல்லாத்தையும் மூடிட்டீங்கன்னா நான் பென் டிரைவ்லதான் கொண்டு வருவேன்"ன்னு சொன்னார். அவர் சொன்னது மிரட்டல் இல்ல. ஷிஃப்ட் முடியறதுக்குள்ள பீஸ் போகணும், அவருக்கு வேற வழி கிடையாது. பென் டிரைவ் எந்த ஃபயர்வாலையும் கேட்டுட்டுப் போகாது. ஆபீஸ்ல டிராயிங் ஆள் சேவ் பண்ணா அடுத்த நிமிஷம் மெஷின் பக்கம் தெரியற மாதிரி செஞ்சதும், பென் டிரைவுக்கு வேலை இல்லாம போச்சு.

அடுத்தது டிரைவ். ரெண்டு 4 டிபி ஹார்ட் டிஸ்க், ரெய்டு 1. ஒண்ணுல எழுதறது அப்படியே இன்னொண்ணுலயும் போகும். ஒண்ணு செத்தாலும் வேலை நிக்காது. ஆனா யாராவது ஃபைலை அழிச்சா ரெண்டுலயும் அழியும். ரான்சம்வேர் பூட்டினா ரெண்டும் பூட்டும். அதனால ரெய்டு பேக்கப் ஆகாது. தினம் ராத்திரி ஒரு ஸ்னாப்ஷாட், சனிக்கிழமை தனியா ஒரு டிஸ்க்ல காப்பி. காப்பி முடிஞ்சதும் அதைக் கழட்டி முதலாளி சார் வீட்டுக்குக் கொண்டு போயிடுவார். கேபிளே மாட்டாத டிஸ்க்கை நெட்வொர்க் வழியா யாரும் தொட முடியாது.

நீங்களும் இப்படி ஒரு வேலைக்குப் போனா மூணு விஷயம் செய்யுங்க. டிஸ்க்கோட சீரியல் நம்பரை ட்ரே மேல ஒட்டுங்க. இல்லன்னா ஒண்ணு செத்த அன்னைக்கு நல்ல டிஸ்க்கை உருவிடுவீங்க. டேட்டா ஏத்தறதுக்கு முன்னாடியே ஒரு டிஸ்க்கைக் கழட்டிப் பாருங்க. பேக்கப்ல இருந்து ஒரு ஃபைலையாவது திருப்பி எடுத்துப் பாருங்க. இதெல்லாத்துக்கும் முன்னாடி, சுவிட்ச்ல கை வைக்கறதுக்கு முன்னாடியே, மெஷின் ஓட்டற அண்ணாகிட்ட ஒரு டீ குடிச்சுட்டே கேளுங்க: "ஃபைல் உங்களுக்கு இப்போ எப்படிண்ணா வருது?"