தறியும் தூரிகையும்

"அப்பாவுக்கு என்ன தொழில்?" என்று நண்பர்கள் கேட்டால் "பட்டு வியாபாரம்" என்பேன். உண்மையில் அவர் ஆரணியில் கூலிக்குப் பட்டு நெய்பவர். "லீவுல தறியில உட்காருப்பா, பரீட்சைக்குக் கட்டப் பணம் வேணுமே" என்பார். கலைக் கல்லூரியில் படிப்பவனுக்குத் தறி எதற்கு என்று மனம் கசக்கும்.

கல்விச் சுற்றுலாவில் சோழமண்டலம் கண்டேன். சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கர், தம் மாணவர்களோடு 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் அமைத்த ஓவியர் கிராமம் அது. அவர்களுடைய புதுமை ஓவியங்களை வாங்குவோர் அன்று அரியர். எனவே துணியில் மெழுகிட்டுச் சாயமேற்றும் பத்திக் வேலை செய்து விற்றார்கள். கைத்தொழில் சோறு போட்டது, ஓவியம் வளர்ந்தது. 1919இல் ஜெர்மனியில் தோன்றிய புகழ்பெற்ற பௌஹௌஸ் கலைப்பள்ளியும் தறிக்கு இடம் தந்ததாம். நாஜிகளின் நெருக்கடியால் 1933இல் அது மூடப்பட்டது. அதன் கொள்கை மாளவில்லை.

ஊர் திரும்பியதும் தறிக்குழியில் இறங்கினேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. அறுந்த இழையை முடிந்துவிட்டு, நாடாவை என் கையில் தந்தார். அந்தக் கூலியில்தான் தேர்வுக் கட்டணம் கட்டினேன்.

நண்பர்களே, இனி என்னைக் கேளுங்கள். அப்பா நெசவாளர். நானுந்தான்.