பலாப் படி

எங்க பக்கம், கீரமங்கலம் வடகாடு வட்டாரத்துல, 2018 நவம்பர் 16 விடியக்காலை அடிச்ச கஜா புயலைப் பத்திப் பேச்செடுத்தா எல்லாரும் தென்னைக் கணக்குதான் சொல்வாங்க. எனக்குக் கிணத்தடிப் பலாதான் ஞாபகம் வரும். ஐயா வச்ச மரம், வேரோட சாய்ஞ்சு கிடந்துச்சு. ஊரெல்லாம் மரம் கிடந்த நேரம். வந்த வியாபாரி விறகு விலைக்குக் கேட்டார். கொடுக்க மனசு வரல. மில்லுல பலகையா அறுத்து, வெடிக்காம இருக்க முனையில சாணி பூசி, இடையில குச்சி வச்சு மாட்டுக் கொட்டகைப் பரண்ல அடுக்கிட்டேன். ஒரு இஞ்ச் கனத்துக்கு ஒரு வருஷமாவது காயணும்பாங்க. நான் 3 வருஷம் விட்டேன்.

மாடிப்படிக்குப் போடலாம்னதும் அம்மா ஒத்துக்கல. "பழம் குடுத்த மரத்தைக் கால்ல மிதிக்கச் சொல்றியாடா? ஊஞ்சல் செய்யி, கதவு செய்யி." ஆனா அந்த டைல்ஸ் படியில ஈரக்காலோட ரெண்டு தடவை சறுக்குனது அவங்கதான். மொளகா, வத்தல்னு தினம் நாலு தடவை ஏறி இறங்குற ஆளு. ஏறாதேன்னா கேக்கவா போறாங்க?

ஆசாரி வந்து சமாதானம் பேசினார். "தஞ்சாவூர் வீணையே பலாவுலதான் செய்யிறாங்க ஆத்தா. நெலவாசப்படியும் மரந்தானே?" அம்மா உடனே, "அதைத் தாண்டுறோம், மிதிக்கிறமா?"ன்னாங்க. அவருக்குப் பதில் வரல. கடைசியில, படியில யாரும் செருப்புக் காலோட ஏறக்கூடாதுங்கிற கண்டிஷனோட சரின்னாங்க.

மொத்தம் 17 படி. மூணரை அடி நீளம், 11 இஞ்ச் அகலம், ஒண்ணேகால் இஞ்ச் கனம். 6 கன அடிக்குக் கொஞ்சம் கம்மி. டைல்ஸ் மேலயே பலகையை வச்சு அடிச்சா வேலை சீக்கிரம் முடியுமேன்னு கேட்டேன். ஆசாரி அளவுகோலை எடுத்துக் காட்டினார். இப்ப ஒவ்வொரு படியும் 7 இஞ்ச் உயரம். மேல பலகை வச்சா முதல் படி எட்டேகால் ஆயிடும். உச்சியில, படியிலிருந்து மாடித் தரைக்கு அஞ்சேமுக்கால்தான் நிக்கும். நடுவுல எல்லாம் அதே 7. "கால் கண்ணைப் பாத்து ஏறாதுங்க, பழகுன அளவுக்குத்தான் தூக்கும். அங்கதான் தடுக்கும்." அம்மாவுக்காகச் செய்யிற வேலையில அதை விட முடியுமா? டைல்ஸையும் அடியில இருந்த கலவையையும் கொத்தி எடுத்தோம். 2 நாள் வீடு முழுக்கத் தூசி. எடுத்த கனமும் பலகைக் கனமும் ஏறக்குறைய ஒண்ணு. பழைய உயரமே வந்துச்சு.

அகலத்துக்கு ஒரே பலகை போட்டா வளையும்னு ரெண்டு துண்டா இணைச்சார். கரையான் ஏறாம அடிப்பக்கம் முந்திரிக்கொட்டை எண்ணெய். சுவர் ஓரம் தீக்குச்சி கனம் இடைவெளி. மழைக்காலத்துல மரம் உப்பும். பிளக் வச்சு ஸ்க்ரூ முடுக்கி, தலையை மரத்தக்கையால மூடினார். மேல பளபளன்னு வார்னிஷ் வேண்டாம்னு நான்தான் சொன்னேன். பாக்க அழகுதான், ஆனா டைல்ஸை எடுத்ததே எதுக்கு? லின்சீட் எண்ணெய் மட்டும் தேய்ச்சாச்சு.

இழைச்சப்ப மஞ்சக்கிழங்கு மாதிரி இருந்த மரம், இப்ப செங்காவிக்கு வந்துட்டிருக்கு. அம்மா இன்னும் முதல் படியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் ஏறுறாங்க. மிச்சத் துண்டுல ஆசாரி ரெண்டு மணை செஞ்சு குடுத்தார். ஒண்ணை அக்கா எடுத்துட்டுப் போயிட்டா.