பிழை யாருடையது?

நிரல் எழுதக் கற்போருக்குக் கணிப்பான் செயலி ஒரு தொடக்கப் பயிற்சி. கூட்டலும் பெருக்கலும் ஒரு மாலைப்பொழுதில் அமைந்துவிடும். பயனர் எதைத் தட்டச்சு செய்வார் என்பதுதான் கடைசிவரை எஞ்சும் சிக்கல்.

எண் வேண்டிய இடத்தில் 'பத்து' என்று எழுத்தால் எழுதினால், பைத்தான் மொழி 'வேல்யூ எரர்' என்னும் விதிவிலக்கை எழுப்பும். பத்தைச் சுழியத்தால் வகுக்கச் சொன்னால் 'ஸீரோ டிவிஷன் எரர்' எழும். முன்னதில் உள்ளீடே எண்ணன்று. பின்னதில் எண்கள் இரண்டும் சரி; கேட்ட செயலே இயலாதது. ஆகவே இவற்றைத் தனித்தனியே பிடித்து, தனித்தனியே விடை கூற வேண்டும். ஆனால் பலரும் எல்லாவற்றையும் ஒரே 'எக்செப்ட்' வரியில் அடக்கி, 'தவறான உள்ளீடு' என்று அச்சிட்டு முடித்துவிடுகின்றனர். நிரலர் ஒரு மாறியின் பெயரைப் பிழையாக எழுதியிருந்தாலும் அப்போது பழி பயனர்மேல் விழும்.

கடைக்காரர் ஒருவர் 1,00,000 என்று காற்புள்ளியிட்டு எழுதுவதாகக் கொள்வோம். இந்நாட்டில் இலட்சத்தை எழுதும் முறையே அது. பைத்தான் அதை எண்ணாக ஏற்பதில்லை. திரையில் 'தவறான உள்ளீடு' என்று கண்டதும், கணினி தமக்கு வராது என்று அவர் தம்மையே நொந்துகொள்வார். காற்புள்ளிகளை நீக்கும் ஒரு வரியை எழுதாதவர் வேறொருவர்.

ஏற்பதிலும் வியப்புகள் உண்டு. ௧௨ என்னும் தமிழ் இலக்கங்களை அதே பைத்தான் பன்னிரண்டு என்று படிக்கும். பத்தைக் குறிக்கும் ௰ என்றால் மறுக்கும். 'எண்ணன்று' என்பதன் ஆங்கில மூன்றெழுத்துச் சுருக்கத்தையோ 'ஃப்ளோட்' தடையின்றி உள்ளே விடும். விதிவிலக்கு எழாது, விடை மட்டும் கெடும். எனவே விதிவிலக்கைப் பிடிப்பதோடு, உள்ளே வந்ததைச் சோதிப்பதும் தேவை.

1997இல் அமெரிக்கக் கடற்படையின் யார்க்டவுன் கப்பலில், தரவுப் புலம் ஒன்றில் சுழியம் உள்ளிடப்பட்டது. அது சுழியத்தால் வகுக்கும் பிழையாகிப் பரவ, கப்பலின் உந்துவிசையே நின்றுபோனது. உள்ளிட்டவர் ஒரு சுழியத்தைத்தான் எழுதினார். அதைத் தடுத்துக் கேட்க நிரலில் எவரும் இடம் வைக்கவில்லை.

பயனர் எழுதியதை அழிக்காமல் திரையில் வைத்து, 'சுழியத்தால் வகுக்க இயலாது; வேறோர் எண் தருக' என்று சொல்லும் செயலி அவரை மதிக்கிறது. எதிர்பாராத விதிவிலக்கு எழுந்தால், அதைப் பதிவேட்டில் குறித்து நிரலரிடமே அனுப்ப வேண்டும். அந்தப் பிழைக்கு உரியவர் அவரே.