மூட மறுத்த வால்வு

போன வருடம் சித்திரை வெயிலில், சென்னையில் எங்கள் வாடகை வீட்டு பாத்ரூம் குழாய் உடைந்து தண்ணீர் பீய்ச்சியடித்தது. அப்பா மொட்டை மாடிக்கு ஓடி டேங்க்கின் கேட் வால்வை மூடப் பார்த்தார். ம்ஹூம், அசையவே இல்லை! 1000 லிட்டர் டேங்க். நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் 100 நிமிடத்தில் காலி. காமர்ஸ் மாணவனுக்கு இந்தக் கணக்காவது வரும் :) குடம், பக்கெட்டில் பிடித்தது போக மீதி சாக்கடைக்குத்தான்.

கேட் வால்வுக்குள் ஒரு தகடு மேலும் கீழும் போகும். வருடக்கணக்கில் தொடாமல் விட்டால் போர் தண்ணீரின் உப்பு படிந்து இறுகிவிடும். முரட்டுத்தனமாகத் திருகினால் தண்டு முறியும். பால் வால்வுக்குக் கால் சுற்று போதும். கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது.

ஆனால் நல்ல வால்வு மட்டும் போதாது நண்பர்களே. பகலில் எங்கள் வீட்டில் பாட்டி மட்டும்தான். அவரால் மாடி ஏற முடியாது. அதனால் பாத்ரூமுக்கு வரும் குழாயில், பாட்டிக்குக் கை எட்டும் உயரத்தில் ஒரு பால் வால்வு போடச் சொன்னோம். மாதம் ஒருமுறை அதை மூடித் திறந்து பார்ப்பது பாட்டியின் வேலை.

உங்கள் வீட்டில் பகலில் இருப்பவருக்கு வால்வு எங்கே என்று தெரியுமா? கை எட்டுமா? இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.