ஒலிக்காத மணி

திருச்செந்தூர்க் கோயிலில் உச்சிக்கால பூசை முடிந்ததும் மணி ஒலிக்கும். அதைக் கேட்டு அடுத்த மணி மண்டபத்தில் ஒலிப்பார்கள். இவ்வாறு மண்டபத்துக்கு மண்டபம் தாவி அவ்வொலி பாஞ்சாலங்குறிச்சியை எட்டிய பிறகே கட்டபொம்மன் உணவருந்துவார் என்பது எங்கள் பகுதியின் செவிவழி வழக்கு. பக்தியின் பெருமைக்காகச் சொல்லப்படும் இக்கதையில் நுட்பம் ஒன்றும் உண்டு. இடையில் ஒரு மண்டபம் தவறினாலும் பசித்திருப்பவருக்கு அது தெரிந்துவிடும்.

கணினியின் இரவுப்பணிகளுக்கு அப்படிக் காத்திருப்பவர் எவருமில்லை.

மன்னார் வளைகுடாவின் இந்தியப் பகுதியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அன்று கடலில் மூழ்கியவர்களில் இன்றிருப்போர் எண்பதைக் கடந்தவர்கள். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்கும், முத்துப்பாருக்கும் அவர்கள் வழங்கிய சொற்களை நண்பர்கள் சிலர் ஒலிப்பதிவு செய்து வருகிறோம். சென்ற தை மாதம் அவர்களுள் ஒருவர் மறைந்தார். அவர் குரலை இனிப் பதிவு செய்ய இயலாது.

எங்கள் லினக்ஸ் கணினி ஒவ்வோர் இரவும் இரண்டு மணிக்கு அப்பதிவுகளை வேறொரு வட்டில் படியெடுக்கும்படி, கணினி அறிந்த ஒருவர் அமைத்துத் தந்திருந்தார். பணி குறித்த செய்திகள் ஒரு குறிப்பேட்டுக் கோப்பில் சேரும் என்றார். காலைதோறும் அது வெறுமையாகவே இருந்தது. குறையேதுமில்லை என்று அதற்குப் பொருள் சொல்லப்பட்டிருந்தது. மூல வட்டு முனகத் தொடங்கிய நாளில் படிகளைத் தேடினோம். நாற்பது இரவுகளாக ஒன்றுகூட எடுக்கப்படவில்லை. மூல வட்டு மேலும் இரண்டு நாள் தாங்கியதால் குரல்கள் பிழைத்தன.

காரணம் இரண்டு. குறித்த நேரத்தில் பணிகளை ஏவும் நிரலுக்குக் கிரான் என்று பெயர். 1979இல் வெளிவந்த யுனிக்ஸின் ஏழாம் பதிப்பிலேயே அது உண்டு. நாம் விசைப்பலகையின் முன் அமர்ந்திருக்கையில் கிடைக்கும் சூழல் அதற்குக் கிடைப்பதில்லை. நிரல்களைத் தேட ஓரிரு அடைவுகளையே அது அறியும். படியெடுக்கும் நிரலோ பின்னர் நிறுவப்பட்டு வேறோர் அடைவில் இருந்தது. ஆகவே பகலில் கையால் இயக்கியபோது ஓடிய பணி, இரவில் நிரலைக் காணாது நின்றது.

அந்தப் பிழைச்செய்தி எங்கே போயிற்று? யுனிக்ஸில் ஒரு நிரலுக்கு வாய்கள் இரண்டு: 1 இயல்பான வெளியீடு, 2 பிழை வெளியீடு. ஆணைவரியில் 2>&1 முதலிலும், > குறியும் கோப்பின் பெயரும் அதற்குப் பின்னும் இருந்தன. ஷெல் இடமிருந்து வலமாகவே படிக்கும். '1 இப்போது செல்லுமிடத்துக்கே 2ம் செல்க' என்பது முதற்கட்டளை. அந்நேரம் 1 சென்றுகொண்டிருந்தது கிரானிடம். அதன் பிறகே 1 மட்டும் கோப்புக்குத் திரும்பியது. பிழைகளைப் பெற்ற கிரான், தன் வழக்கப்படி அவற்றை அஞ்சலாக்கிக் கணினிக்குள்ளேயே இருக்கும் பெட்டியில் இட்டது. திறந்து பார்த்தால் நாற்பது கடிதங்கள்! நாற்பதிலும் ஒரே வரி: 'நிரல் கிடைக்கவில்லை'. இரவுதோறும் எங்களுக்கு எழுதிக்கொண்டிருந்த ஒன்றைத்தான் மௌனம் என்று எண்ணியிருந்தோம்.

திருத்தம் எளிது. நிரலின் முழு முகவரியை எழுதினோம்; கோப்பின் பெயரை முன்னும் 2>&1ஐப் பின்னுமாக மாற்றினோம். ஒற்றைக் > குறி நேற்றைய குறிப்பை அழித்துவிடும் என்பதால் >> இட்டோம். இவற்றினும் முக்கியமானது, பணி முடிந்ததும் நாளையும் படியெடுத்த கோப்புகளின் எண்ணிக்கையையும் ஒரு வரியாக எழுதச் செய்தது. இப்போது வெறுமை நற்செய்தி அன்று. அந்த ஒரு வரி இல்லையென்றால் ஏதோ பழுது.

நண்பர்களில் ஒருவர் காலைக் காப்பிக்கு முன் அவ்வரியைப் பார்ப்பது என்று முறைவைத்திருக்கிறோம். வரி வராத நாளில் காப்பியும் இல்லை.