புண்ணாக்குக் கணக்கு

காஸ்ட் அக்கவுண்டிங்கில் ஜாயின்ட் ப்ராடக்ட், பை-ப்ராடக்ட் என்று ஒரு பாடம் வரும். பி.காம் மக்களுக்குத் தெரிந்திருக்கும். முக்கியப் பொருளுக்குத்தான் செலவு எல்லாம். பை-ப்ராடக்டை விற்று வரும் காசை அந்தச் செலவிலிருந்து கழித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடலாம். புத்தகத்தில் பெட்ரோல், டீசல் என்று எடுத்துக்காட்டு இருந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதெல்லாம் எதற்கு? மல்லாட்டையை ஆட்டினால் எண்ணெய், மிச்சம் புண்ணாக்கு. அவ்வளவுதான் பாடம்.

(மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. கமிட்டியில் மணிலா என்பார்கள். வெளியூர் நண்பர்கள் சிரிக்க வேண்டாம் :-) )

விருத்தாசலம் என்றதும் எல்லோருக்கும் பீங்கான்தான் ஞாபகம் வரும். ஆனால் எங்கள் ஊர்ப் பெயரை நாடு முழுக்க எடுத்துப் போன இன்னொன்று இருக்கிறது. இங்கே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதில் உருவான கடலை ரகங்களுக்கு வி.ஆர்.ஐ. என்று பெயர். விருத்தாசலத்தின் சுருக்கம்! 1989ல் வந்த வி.ஆர்.ஐ. 2, ஜல்காவ் ரகமான ஜே.எல். 24ஐயும் கோயம்புத்தூரின் கோ 2ஐயும் சேர்த்து உண்டாக்கியது. 2016ல் வந்த வி.ஆர்.ஐ. 8க்கு ஒரு பெற்றோர் ஆழியார் நகரின் ஏ.எல்.ஆர். 3.

சேர்ப்பது என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். கடலைப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். அதனால் மாலையில் மொட்டைப் பிரித்து ஆண் பாகத்தை எடுத்துவிட்டு, மறுநாள் காலையில் வேறு ரகத்தின் மகரந்தத்தைக் கையால் வைக்க வேண்டும். அந்தப் பூவிலிருந்து விழுது இறங்கி மண்ணுக்குள் காய்க்கும். அதை விதைத்து, பொறுக்கி, மறுபடி விதைத்து, ஒரு ரகம் வெளிவரப் பத்து வருஷம் கூட ஆகும். எங்கள் மூன்று வருஷ டிகிரியே பெரிதாகத் தெரிகிறது!

இவ்வளவும் காய்க்கும் எண்ணெய்க்கும் மட்டுமே என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் கொடியும் மாட்டுக்குத் தீனி. டிக்கா இலைப்புள்ளியும் துருவும் வந்தால் இலை கொட்டி வெறும் தண்டுதான் மிஞ்சும். நோய் தாங்கும் ரகத்தில் அறுவடை வரைக்கும் பச்சை இலை நிற்கும். ஆந்திராவின் அனந்தப்பூரில் இக்ரிசாட்டின் ஐ.சி.ஜி.வி. 91114 ரகத்தின் கொடியைப் போட்டுப் பார்த்ததில் மாடு பாலும் கூடுதலாகக் கறந்திருக்கிறது. ரகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே மாட்டையும் கணக்கில் எடுக்கலாம் என்பது எனக்குப் புதுச் செய்தி.

இப்போது எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். போன ஐப்பசியில் மல்லாட்டை பிடுங்கிப் போட்ட அன்றே மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் வெயிலே இல்லை. ஒருவழியாகக் காயவைத்து உடைத்தால் ஒரு மூட்டைக்கு மேல் சொத்தை. சிலதில் பச்சையாகப் பூசணம். ஆயா அதைத் தனியாகக் கட்டி வைத்து, "இதையும் செக்குல குடுத்து ஆட்டிக்கலாம். புண்ணாக்கு மாட்டுக்கு ஆவும்" என்றது.

எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்துப்போன கதையைப் படித்திருந்தேன். காரணம், தீவனத்தில் கலந்த பிரேசில் கடலைப் புண்ணாக்கு. அதிலிருந்த பூசணத்தின் விஷத்துக்குத்தான் பிறகு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோய் உண்டாக்கும். ஆட்டும்போது பெரும்பங்கு புண்ணாக்கிலேயே தங்கிவிடும். மாடு தின்றால் ஒரே நாளில் அதன் ஒரு பகுதி எம்1 என்ற வடிவத்தில் பாலுக்கு வந்துவிடும்.

இது எங்கேயோ நடக்கிற கதையும் இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 368ல் எம்1 அளவுக்கு மேல் இருந்தது. தமிழ்நாட்டில் எடுத்த 551ல் 88. மாநிலங்களில் நாம்தான் முதலிடம். பெருமைப்பட முடியவில்லை.

ஆயாவிடம் சொன்னேன். "எத்தினி வருசமா போடறோம், மாடு செத்தா போச்சி?" என்றது. மாடு சாகாது ஆயா, பால்தான் கெடும் என்றேன். "காய்ச்சித்தானேடா குடிக்கிறாங்க?" காய்ச்சினாலும் அந்த விஷம் போகாது. பக்கத்து வீட்டு அக்கா தினமும் அரை லிட்டர் வாங்குகிறார்கள். குழந்தைக்கு ஒன்றரை வயது. அதைச் சொன்னதும் ஆயா பதில் பேசவில்லை.

அப்பா விலையைக் கணக்குப் போட்டுப் பார்த்து முகம் சுளித்தார். கடைசியில் அவரே கொல்லையில் குழி வெட்டினார். ஆயா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. எனக்கும் வருத்தம்தான். விதை வாங்கினது, களை எடுத்தது, ஆள் கூலி எல்லாம் அந்த மூட்டைக்கும் சேர்த்துத்தானே ஆனது.

பாடப்படி இது அப்நார்மல் லாஸ். லாப நட்டக் கணக்கில் எழுத வேண்டும். அந்தப் புண்ணாக்கை மாட்டுக்குப் போட்டிருந்தால் எங்கள் கணக்கில் நட்டமே வந்திருக்காது. அக்கா வீட்டுக் குழந்தைக்குப் போயிருக்கும். அதை எழுத எந்த லெட்ஜரிலும் இடம் இல்லை.

இதில் எங்களுக்குத் தீராத சந்தேகம் ஒன்று உண்டு. கடையில் வாங்கும் புண்ணாக்கு எந்த மூட்டையிலிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? இப்போதைக்கு நன்றாகக் காய்ந்த, பூசண வாடை இல்லாததாகப் பார்த்து வாங்குகிறோம். வாடை இல்லாததால் விஷமும் இல்லை என்று அர்த்தமில்லை என்பதும் தெரியும். உங்கள் வீட்டில் மாடு இருந்தால் நீங்களும் சாக்கைத் தரையில் போடாமல் கட்டை மேல் அடுக்குங்கள், ஈரம் ஏறாது. சொத்தையைக் கண்டால் ஆயா திட்டினாலும் பரவாயில்லை, தூக்கிப் போடுங்கள்.

எங்கள் ஆயா இப்போது பேசுகிறது. இந்த முறை காயப்போட்ட மல்லாட்டைக்குப் பக்கத்திலேயே தார்ப்பாயோடு உட்கார்ந்திருந்தது.